ஷட்டர் இடித்த பிறகு

ஜூன் 4, 2025, புதன்

தலைவலி இன்னும் விடவில்லை. போன வெள்ளிக்கிழமை எம்.சி. ரோட்டில் கடை சாத்தும்போது, பாதி இறக்கியிருந்த ஷட்டரில் நெற்றிக்கு மேலே பலமாக இடித்துக்கொண்டேன். மயக்கம் வரவில்லை, ரத்தம் வரவில்லை, புடைப்பு மட்டும்தான். காலையில் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தால் பின்கழுத்தில் பிடித்து மண்டை முழுக்கப் பரவுகிறது.

ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு போனில் தேடுகிறேன். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009-இல் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். எழுந்து நன்றாகப் பேசியிருக்கிறார். மண்டைக்குள் ரத்தம் கசிந்து இரண்டே நாளில் இறந்துபோய்விட்டார். அதைப் படித்ததிலிருந்து கண் மூடவே பயமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

விடிகாலை பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கண்பாவையும் ஒரே அளவா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மார்க்கெட்டில் கொத்தமல்லி கேட்க வாயெடுத்து, பேர் வராமல் நின்றுவிட்டேன். உடனே நெஞ்சு படபடவென்று அடித்தது. "பயந்துக்கினே இருந்தா வலி எப்டி போவும்?" என்கிறார் வீட்டுக்காரர். அக்கறையில்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் வலி நிஜம். அதை யாராவது ஒத்துக்கொண்டால் போதும் என்றிருக்கிறது.

ஜூன் 11, புதன்

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலையிலேயே போயும் ஓ.பி. சீட்டு வரிசை வாசல்வரை நின்றது. உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டார். வாந்தி எடுத்தீங்களா, அடிபட்டதுக்கு முன்னாடி நடந்தது மறந்துபோச்சா, வலிப்பு வந்துதா, கை கால் மரத்துச்சா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? எல்லாவற்றுக்கும் இல்லை. கண்ணில் வெளிச்சம் அடித்தார், ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார், கழுத்தை அழுத்தினார். அழுத்தின இடத்தில் அதே வலி!

ஸ்கேன் எடுத்துடலாமா என்று கேட்டேன். "தேவைன்னா நானே இப்பவே அனுப்புவேன். நீங்க பயப்படுற ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே காட்டிக்கொடுத்துடும். உங்க வலி கூடிக்கிட்டே போகல, வந்து வந்து போகுது. இது மூளை அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற தலைவலி. கழுத்துப் பிடிப்பும் சேர்ந்திருக்கு. பொய் வலி இல்லம்மா" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடிபட்ட 7 நாளுக்குள் தொடங்கும் இந்த மாதிரி வலி பலருக்குச் சில வாரங்களில் குறையுமாம். 3 மாதம் தாண்டினால்தான் நீடித்த வலி என்று கணக்காம். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், அதற்குமேல் படுத்தே கிடந்தால் தேறுவதும் தள்ளிப்போகும். பாராசிட்டமாலையும் தினம் தினம் போடக் கூடாது. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்குமேல் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொடுக்கும். தூக்கம் கெட்டாலும், வலி வருமா வருமா என்று காத்திருந்தாலும் கழுத்து இறுகி வலி ஏறும் என்றார். வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ ராத்திரி பகல் பார்க்காமல் வரச் சொன்னார். சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விடியுமுன்னே காசிமேட்டுப் பக்கம் ஐஸ் லாரி சத்தம். அந்த இரைச்சல் இன்னும் தலையில் குத்துகிறது. ஆனாலும் சாயங்காலம் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில்வரை போய் மெதுவாகப் பிராகாரம் சுற்றி வந்தேன். டாக்டரம்மா காட்டின கழுத்துப் பயிற்சி காலையும் மாலையும். போன் இப்போது ராத்திரியில் அடுத்த அறையில் இருக்கிறது. பயம் வந்தால் சீட்டைத் திருப்பி அந்த வரிகளைப் படிக்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் படுத்துவிடுகிறேன். எல்லா ராத்திரியும் அது பலிப்பதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மாமா பாத்ரூமில் வழுக்கி, தலையில் இடித்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லம்மா, லேசா பட்டுச்சி. காலைல பாத்துக்கலாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. வயசு எழுபதுக்கு மேல், இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். என் தலைக்குச் சொன்ன ஆறுதல் எதுவும் அவர் தலைக்குப் பொருந்தாது. ஆட்டோ பிடித்து நேராக கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போய், மாத்திரை அட்டையை முதலில் நீட்டினேன். கேள்வியே இல்லை, உடனே சி.டி. ஸ்கேன். கசிவு ஏதும் தெரியவில்லை. ஆனாலும் விடியும்வரை வைத்துப் பார்க்கிறார்கள், ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்ற டெஸ்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வயதில் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்தும் வெளியே தெரிய வருமாம். நடையில் தடுமாற்றம், குழப்பம், ஏறும் தலைவலி, அளவுக்கு மீறின தூக்கம், எது வந்தாலும் திரும்ப வந்துவிட வேண்டும். நாளைக்கு இதைப் பெரிய எழுத்தில் எழுதி, அத்தை கண்ணில் படும்படி சமையலறைச் சுவரில் ஒட்டப்போகிறேன்.