26 கிராம்

சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவனுக்கு 26 என்பது சாமி எண் மாதிரி. தராசில் 26 கிராம் சர்க்கரையை நிறுத்து, 100 மில்லி குடுவையில் கரைத்து, 200 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கரைசல் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் வைக்க வேண்டும். சுத்தமான சர்க்கரையாக இருந்தால் கருவி 100 காட்டும். நல்ல வெள்ளைச் சர்க்கரை 99.8ஐ ஒட்டி வந்து நிற்கும். உலகத்தில் எந்த ஆலைக்குப் போனாலும் இதே 26 கிராம்தான், பெயர் 'நார்மல் வெயிட்'. பேசிக்கொண்டே கரண்டியால் அள்ளிப் போட்டாலும் 25.9, 26.2 என்று விழுகிற அளவுக்கு என் கை பழகியிருந்தது.

அந்தக் கை 22 வருடமாக என் டீ டம்ளரில் விழுந்த சர்க்கரையை ஒரு தடவைகூட நிறுத்துப் பார்த்ததில்லை.

எங்கள் ஆலை காவிரி டெல்டாவில், நெல்வயல்களுக்கு நடுவே கரும்பும் கொஞ்சம் விளைகிற பகுதியில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் அரவை ஆரம்பித்தால் கரும்பு தீரும்வரை ராப்பகல் கிடையாது. கலப்புச் சாறு, தெளிந்த சாறு, பாகு, சக்கை, கழிவுப்பாகு என்று மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும். எங்கே எவ்வளவு சர்க்கரை நழுவுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கெமிஸ்டின் பிழைப்பு. தினம் 2,500 டன் அரைக்கும்போது பிழிதிறனில், அதாவது நூறு டன் கரும்புக்குக் கிடைக்கிற சர்க்கரையில், 0.1 டன் குறைந்தால் 2.5 டன் சர்க்கரை, அதாவது 50 மூட்டை போய்விட்டது என்று அர்த்தம். அந்த 0.1க்காகப் பாகு காய்ச்சும் பான்மேனோடு சண்டை போட்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஒரு தை மாதம் ஆலையில் மருத்துவ முகாம் போட்டார்கள். கூட்டம் குறைவாக இருந்த நேரமாகப் பார்த்து, வேடிக்கை பார்க்கப் போனவன் மாதிரிப் போய் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 118. மூன்று மாதச் சராசரி 6.1. சீட்டை வாங்கிப் பார்த்த எங்கள் லேப் பையன் சத்தமாகவே சொன்னான்: "ஆலையிலயும் சர்க்கரை, ஆளுக்கும் சர்க்கரையா சார்?" அந்த சீசன் முடியும்வரை அதுதான் எனக்குப் பட்டப்பெயர்.

மருத்துவரம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு, நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள் என்றார். நான் விழித்தேன். "இன்னும் வீட்டுக்குள்ள வரலைங்க. திண்ணையில உக்காந்திருக்கு. நீங்கதான் சொம்புல தண்ணி குடுத்து உபசாரம் பண்ணிக்கிட்டிருக்கீங்க" என்றார். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின் கணக்குப்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், திண்ணையில் உட்கார வைத்திருப்பவர்கள் 13.6 கோடிப் பேர். நான் தனியாள் இல்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்தான்.

மூன்று மாதச் சராசரி என்பதை அவர் விளக்கத் தொடங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதுவரை அதன் மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்று பார்க்கிறார்கள். ஆய்வகத்தில் நாங்கள் மணிக்கொருதரம் எடுக்கிற மாதிரிகளை ஒரே பாட்டிலில் சேர்த்து வைத்து ஷிப்ட் முடிவில் சோதிப்போமே, அதே கூட்டு மாதிரிதான். ஒரு மணி நேர மாதிரியை ஏமாற்றலாம், கூட்டு மாதிரியை முடியாது. இதை இத்தனை வருடம் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

கடைசியாக அவர் சொன்னதுதான் உறைத்தது. நாம் சேர்த்துக்கொள்கிற சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்றார். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு அது. உணவு தரும் ஆற்றலில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது, அந்த ஐந்துதான் பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம். முழுப்பழத்திலும் பாலிலும் தானாக இருக்கிற சர்க்கரை இதில் சேராது. எனக்கு அதெல்லாம் பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்த நிமிடம் தோன்றியது ஒன்றுதான்: ஒரு நார்மல் வெயிட். ஒரு குடுவை. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

அன்றிரவே கேன்டீனுக்குப் போய் மாஸ்டரிடம் கேட்டேன். "எம்பது டீக்கு ஒரு கிலோ சார், நம்ம ஆலையில கஞ்சத்தனம் கெடையாது." டம்ளருக்கு 12.5 கிராம். இரவு ஷிப்டில் நான் ஆறு டீ குடிப்பேன். 75 கிராம், வீட்டுக் காபியைச் சேர்க்காமலே. கழிவுப்பாகில் அரைப் புள்ளி சர்க்கரை போனால் ரிப்போர்ட் எழுதுகிறவன், தனக்குள்ளே தினமும் மூன்று நார்மல் வெயிட்டைக் கணக்கில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

பாதியாகக் குறைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நடக்கவில்லை. கேன்டீன் டீ எவர்சில்வர் கேனில் சர்க்கரை போட்டே வரும். பாதி என்றால் பாதி டம்ளர்தான். பாதி டம்ளர் குடித்தவன் இன்னொரு பாதிக்குப் போவான். சரி, முழுசாக விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்து மாஸ்டரிடம் தனி டம்ளர் கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கெமிஸ்டே சர்க்கரை வேணாம்னா, நாளைக்கு இத எவன் சார் வாங்குவான்?" விளையாட்டாகச் சொன்னாலும் அதில் கொஞ்சம் நிஜம் இருந்தது.

முதல் பத்து நாள் நன்றாகவே இல்லை. ராத்திரி மூணு மணிக்குத் தலை கனக்கும், எரிந்து விழுவேன். ஒரு தடவை சக்கை மாதிரியின் எண்ணைச் சாற்றுக் கட்டத்தில் எழுதிவிட்டு அட்டெண்டரைத் திட்டினேன். ஆலை முழுக்க வேறு வெந்த பாகின் வாசனை. குடிப்பழக்கத்தை விட நினைப்பவனைச் சாராயக் கடையிலேயே வேலைக்கு வைத்தது போல. அப்புறம் ஒரு நாள் திடீரென்று நாக்கு தெளிந்தது. டீத்தூளுக்கு ஒரு துவர்ப்பு இருப்பது தெரிந்தது, பாலுக்கே ஓர் இனிப்பு இருப்பது தெரிந்தது, எங்கள் கேன்டீன் டீ உண்மையில் எவ்வளவு மட்டமானது என்பதும் தெரிந்தது. ஆறு டீ தானாகவே இரண்டாகிவிட்டது.

வீட்டில் வேறு யோசனை வைத்தார்கள். "அஸ்காதானே வேணாம்ங்கற, வெல்லம் போட்டுக்கலாமே தம்பி" என்றார் அம்மா. வெள்ளைச் சர்க்கரைக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் பெயர் அஸ்கா. இன்று ஒடிசாவில் இருக்கும் அஸ்கா அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்த ஊர் ஆலைச் சர்க்கரை இங்கே வந்து, ஊரின் பெயரே பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. அம்மாவின் வார்த்தையைத் தட்டாமல் வீட்டு வெல்லத்தில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். 26 கிராம் நிறுத்து, கரைத்து, வடிகட்டிப் பார்த்தால் எண்பதை நெருங்கி நின்றது. வெல்லத்தில் வேறு சத்துகள் கொஞ்சம் இருக்கலாம், நிறமும் மணமும் நிச்சயம் உண்டு. ஆனால் என் கருவிக்கு அது கொஞ்சம் அழுக்கான சர்க்கரை, அவ்வளவுதான். தேனையும் பார்த்தேன். அது ஒளியை வலப்பக்கம் திருப்பாமல் இடப்பக்கம் திருப்பியது. பழச்சர்க்கரை அதிகமாக இருப்பதால் அப்படி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் சர்க்கரைதான் என்று அம்மாவிடம் சொன்னேன். "எல்லாத்தயும் டெஸ்டு பண்ணிக்கிட்டே இரு" என்று எழுந்து போய்விட்டார்.

நாக்கைப் பழக்குவது அவ்வளவு பெரிய காரியமில்லை. மனிதர்களிடம் வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் பழக்கமே போதவில்லை. எங்கள் பக்கத்தில் இனிப்பு சாப்பாட்டில் சேர்த்தி இல்லை, மரியாதையில் சேர்த்தி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கோயில் இருக்கிறது. பூமிதேவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்பதற்காகப் பெருமாள் உப்பையே விட்டுவிட்டாராம். இன்றும் அங்கே பிரசாதத்தில் உப்பு கிடையாது. உப்பை விட்ட சாமி இருக்கிறார். சர்க்கரையை விட்ட ஒரு சாமி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவர் பெயரைச் சொல்லித் தப்பியிருப்பேன்.

பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். அந்த சீசனில் அவருடைய கரும்பு வெட்டி இரண்டு நாள் ஆலை வாசலிலேயே வண்டியில் காய்ந்தது. உள்ளே ஏதோ பழுது, அரவை நின்றிருந்தது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும். தாமதித்தால் சர்க்கரை சிதையும், தண்ணீர் வற்றி எடையும் குறையும். எடை குறைந்தால் நஷ்டம் அவருக்கு. அவர் என்னிடம் வந்து கேட்டபோது நான் விஞ்ஞானம்தான் பேசினேன், வேறு என்ன செய்ய? அதே மனிதர் இலையில் பாயசத்தோடு நின்றார். நான் கையைக் குறுக்கே நீட்டினேன். "நம்ம கரும்பு சார். நீங்க அளந்து சொன்னதுதான்." அவர் குத்திப் பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கையை எடுத்துவிட்டேன். இரண்டு கரண்டி. அன்றைய கணக்கில் எழுதியும் வைத்தேன். கட்டுப்பாடு குலைந்ததாக அதை இன்றுவரை நினைக்க முடியவில்லை.

நீடாமங்கலத்தில் குலைந்தது. மன்னார்குடியிலிருந்து வரும்போது ரயில்வே கேட்டைச் சாத்திவிட்டார்கள். அந்த கேட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு குட்டித் தூக்கமே போடலாம். எதிரே பால் திரட்டு விற்கும் கடை. யாரும் உபசரிக்கவில்லை, யார் மனமும் நோகாது. நானாக இறங்கிப் போய் கால் கிலோ வாங்கி, வண்டியிலேயே பாதியைத் தின்றேன். கேட் திறந்தபோது பின்னாலிருந்தவர் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் 6.0. இவ்வளவு பாடுபட்டதற்கு வெறும் 0.1. பால் திரட்டையே பலிகடா ஆக்கலாம் என்று பார்த்தேன். மருத்துவரம்மா விடவில்லை. "சோறு எவ்வளவு?" என்றார். நெல் விளைகிற ஊர்க்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மாவுச்சத்து என்பதே குளுக்கோஸைக் கோத்த சங்கிலி என்று கல்லூரியில் படித்தவன்தான் நானும். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடுக்கு கேரியரைத் திறந்து புளிச்சோறும் தயிர்சோறும் சாப்பிடும்போது சங்கிலி ஞாபகத்துக்கு வருவதில்லை. வீட்டுக்கு வந்து ஆழாக்கை எடுத்து அளந்தோம். எனக்கு மட்டும் ஒரு வேளைக்கு ஒன்றரை ஆழாக்கு அரிசி. மனைவி ஒன்றும் சொல்லாமல் அதை முக்காலாக்கினாள். மீதி இடத்தைக் கீரை, கொத்தவரை, வாழைத்தண்டு, வாரம் இரண்டு நாள் கெளுத்தியோ விராலோ பிடித்துக்கொண்டன. சம்பா அறுத்த தரிசில் எங்கள் பக்கம் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். அந்தப் பயறுதான் இரவு ஷிப்டுக்குச் சுண்டலாக வருகிறது. நடுராத்திரி பெரிய சாப்பாட்டை நிறுத்திவிட்டு எட்டு மணிக்கே முடித்துக்கொள்கிறேன். சர்க்கரையை விட்டது பெரிய சாகசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோற்றைக் குறைத்ததுதான் வேலை செய்தது. அடுத்த பரிசோதனையில் 5.8. இன்னும் திண்ணையில்தான், ஆனால் கிளம்புகிற மாதிரி செருப்பைத் தேடுகிறது.

போன சீசனில் கேன்டீனில் இரண்டாவதாக ஒரு சின்ன கேன் வந்தது, கைப்பிடியில் நீலக் கயிறு கட்டி. நான் கேட்டு வாங்கியதில்லை. எடைமேடையில் ஒருவருக்கு, பாய்லரில் இருவருக்கு, அப்புறம் என்னைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட லேப் பையனின் அப்பாவுக்கு என்று ஒவ்வொருவராகச் சீட்டு வந்திருக்கிறது. மாஸ்டர் வாயைத் திறக்காமல் கேனை வைத்துவிட்டார்.

ஒரு நாள் பாகின் தூய்மை திடீரென்று இறங்கி, அதைத் துரத்திக்கொண்டு பான் மாடிக்கும் ஆய்வகத்துக்கும் ஏறி இறங்கியதில் கேன்டீன் போக மூன்றரை ஆகிவிட்டது. நீலக் கயிற்று கேனைச் சாய்த்துக் காட்டினார் மாஸ்டர். "இது மொதல்லயே காலியாயிடுது சார். அது இருக்கு, போடவா?"

பெரிய கேன் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அரை நிமிடம் நின்றிருப்பேன். ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டு, நாளையிலிருந்து எனக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மேசையில் நான்கு மணி மாதிரி தயாராக இருந்தது. கரண்டியை எடுத்தேன். 26.1.