அம்மம்மாவின் றங்குப்பெட்டி

போலின் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளரைப் பற்றித்தான் இன்று முழுக்க வாசித்தேன். வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் மனைவிமாரோடு 1970களில் பேசப்போனவர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்ற இந்த நிலைக்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 2001 செப்டம்பருக்குப் பிறகு, இரட்டைக் கோபுரத்தில் காணாமல்போன தொழிலாளர்களின் குடும்பங்களை நியூயோர்க்கில் தொழிற்சங்க மண்டபத்திலேயே பிள்ளைகுட்டிகளோடு ஒன்றாக இருத்திவைத்துப் பேசியிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

காணாமல்போன மாமாவின் அடையாள அட்டைப் பிரதியை அம்மம்மா பொலித்தீனில் சுற்றி றங்குப்பெட்டிக்குள் வைத்திருக்கிறா. 2009க்குப் பிறகு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்களிடம், "எடுத்தா நானே அவனைச் சாகடிச்ச மாதிரி" என்றா. அவவுக்கு மனம் சரியில்லை என்று நாங்கள் நினைத்தோம். சரியில்லாதது அந்த நிலைமைதான் என்கிறார் பொஸ். மாமா உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்து வாழப் பழகலாம் என்பது அவர் காட்டும் வழி. துக்கத்தை ஒரேயடியாக முடித்துவைக்கச் சொல்வதில்லை.

இரவு அம்மம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். முதல்முறையாக மாமாவைப் பற்றி நானே கேட்டேன். ஒரு மணித்தியாலம் பேசினா.