பஸ் பாலத்தை விட்டு இறங்கிய பிறகு வரும் நாலு விநாடி

பாலத்தில் விரிசல் விழுந்தால் அதன் இயல்பு அதிர்வெண் (தானாக ஆடும்போது விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பது) குறையும்; அதை அளக்கத்தான் எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தின் அதிர்வைப் பதிவு செய்கிறேன். மூன்று மாதமாக அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்த அந்த அதிர்வெண்ணின் உச்சம் நேற்று ஒரே இடத்தில் நின்றது. 6.4 ஹெர்ட்ஸ்! பாலத்தின் நீளம் 16 மீட்டர். நூறை நீளத்தால் வகுக்கும் கைக்கணக்கில் 6.25 வரும், எனவே நம்பலாம்.

முதலில் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டேன். அதிர்வை அளக்கும் பழைய சில்லு எம்பியு6050-க்குச் சொந்த இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 400 மைக்ரோ ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), புதிய ஏடிஎக்ஸ்எல்355-க்கு 22.5 மட்டுமே. சென்னை ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் பழையதுதான் இருந்தது. புதியதை ஆன்லைனில் வரவழைத்தேன். கைப்பிடிச் சுவர் தனியாக ஆடும் என்பதால், பாலத்தின் நடுவில் ஓரத் திட்டின் மேல் இரும்புத் தகட்டை எம்-சீல் வைத்து ஒட்டி, அதில் திருகினேன்.

அப்புறமும் உச்சம் நிற்கவில்லை. பதிவை எங்கே வெட்டுவது என்பதில்தான் தவறு. பஸ் மேலே இருக்கும்வரை அதன் எடையும் பாலத்தோடு சேர்ந்து ஆடுகிறது. பஸ்ஸின் பாடி 1 முதல் 3 ஹெர்ட்ஸில் துள்ளும், அச்சு 10 முதல் 15-இல். பின்சக்கரம் இறங்கிய பிறகு பாலம் தானாக ஆடி அடங்குவதை மட்டும் எடுக்க வேண்டும். இணைப்பு இடைவெளியில் சக்கரம் விழும் 'தட்' பதிவில் கூர்மையாகத் தெரிகிறது. கடைசித் தட்டுக்கு அரை விநாடி கழித்து வெட்டுகிறேன். பின்னாலேயே பைக் வந்தால் அந்தப் பதிவு வீண். அதிகாலை முதல் பஸ்தான் சுத்தம்.

கிடைப்பது நாலு விநாடி. பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கில் அதற்கு 0.25 ஹெர்ட்ஸ் படிதான். விரிசலால் பாலத்தின் விறைப்பு பத்து சதவீதம் குறைந்தாலும் அதிர்வெண் ஐந்து சதவீதம், அதாவது 0.3 அளவுக்குத்தான் இறங்கும். பதிவின் முடிவில் பூஜ்யங்களைச் சேர்த்து நீட்டினால் வளைவு அழகாகுமே தவிர, புதுத் தகவல் வராது. அதனால் 4 முதல் 9 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டி, தேய்ந்து அடங்கும் சைன் அலையைப் பொருத்தினேன். பதினொரு பஸ்களும் 6.38-க்கும் 6.44-க்கும் இடையில் வந்தன. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மதிய வெயிலில் எடுத்தது 6.33. கான்கிரீட் சூடானால் விறைப்பு சற்றுக் குறையும். சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தில் இதே போக்கின் மறுமுனை: உறைகுளிரில் தார் இறுகி அதிர்வெண் ஏறியது. எனவே வெப்பத்தைக் கழிக்காமல் விரிசலைப் பற்றிப் பேசவே முடியாது. தகட்டுக்கு அருகில் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் ஒன்றைப் பதிக்கப்போகிறேன். மார்கழி விடியலும் சித்திரை மதியமும் இரண்டும் பதிவாக வேண்டும். அதற்குள் சென்சார் பெட்டிக்கு நல்ல ரப்பர் வாஷர் தேட வேண்டும், மழை வருகிறது.