ரப்பர் தேன் புளிக்காமல் இருக்க

குமரி மாவட்டத்தில் நாலைந்து தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தேன் எடுப்பது பெரிய பாடில்லை. எடுத்த தேன் வைகாசி மாதம் பாட்டிலுக்குள்ளேயே நுரைத்து மூடியைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. வாங்கியவர் அதைக் கலப்படம் என்றே நினைப்பார். காரணம் தேனில் மிஞ்சிய தண்ணீர். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் பெருக ஆரம்பிக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதிக்கும் உச்சமும் அந்த 20தான். தேனீ அடையை மெழுகால் மூடுமுன் எடுத்த ரப்பர் தேன் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ரப்பர் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலையின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் செம்பு நிறம் மாறிப் பச்சையாகும் நாட்களில் அவற்றில் மதுரம் சுரக்கும். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் மார்கழி, தையில் இலை கொட்டி, தை கடைசியில் தளிர் விடும். அப்போதிலிருந்து பங்குனி வரைதான் தேன் வரத்து. தளிரில் சாம்பல் நோய் விழுந்து இலை உதிர்ந்தாலோ, அந்த நேரத்தில் மழை பெய்து சுரப்பைக் கழுவிவிட்டாலோ வரத்து குறைந்துபோகும்.

வரத்து தொடங்கும்போது பெட்டி நிறைய வெளிவேலைக்குப் போகும் தேனீ இருக்க வேண்டும். பெட்டியில் நாம் வளர்க்கும் அடுக்குத் தேனீயில் முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய 20 நாள். பிறகும் இரண்டு மூன்று வாரம் அது கூட்டுக்குள் வேலை பார்த்துவிட்டுத்தான் வெளியே பறக்கும். ஆகவே மாசியில் தேன் கொண்டுவரும் தேனீக்கு மார்கழி முடிவதற்குள் ராணி முட்டை இட்டிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டினி போட்ட பெட்டி தையில் எழும்பாது. அந்த மாதங்களில் சீனியும் தண்ணீரும் சம அளவு கலந்து, வாரம் 200 கிராம் சீனிக் கணக்கில், சிரட்டையில் ஊற்றி, ராணி முட்டையிடும் கீழ்ப்பகுதியான புழு அறைக்கு மேல் வையுங்கள். தேனீ மூழ்காமலிருக்க இரண்டு ஈர்க்குச்சி மிதக்க விடுங்கள். அந்தியில் வைப்பதே நல்லது. பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வரும். தேன் சேர்வதற்காகப் புழு அறைக்கு மேல் தேன் அறையை ஏற்றிய நாளிலிருந்து ஒரு சொட்டு சீனிப்பாகும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அது தேன் அடை கட்டிய மரச்சட்டத்துக்குள் போய்ச் சேரும், ஆய்வுக்கூடத்தில் காட்டிக்கொடுக்கும்.

பெட்டி ஸ்டாண்டின் கால்களுக்கு எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணம், வாரம் ஒருமுறை அடிப்பலகையைத் துடைத்தல் இரண்டும் கட்டாயம். அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளில்தான் அந்துப்பூச்சிப் புழு வளரும். புழு அறைக்குள் குஞ்சுப் புழுக்கள் மல்லாந்து தலை தூக்கி, உள்ளே நீர் கோத்துப் பைபோலச் செத்திருந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் வைரஸ். 1991, 92ல் தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகளைக் காலி செய்த நோய் அதுதான். மருந்து இல்லை. அந்தப் பெட்டியின் அடையை இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். ராணியைக் கொஞ்ச நாள் கூண்டில் அடைத்து முட்டையிடலை நிறுத்திப் பாருங்கள்.

இனி அறுவடை. தேன் அறைச் சட்டத்தில் முக்கால் பங்காவது மெழுகால் மூடியிருந்தால்தான் கை வைக்கலாம். சந்தேகமிருந்தால் தேனீயைத் துடைத்துவிட்டுச் சட்டத்தைக் கிடையாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். சொட்டு விழுந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். வரத்து நல்லா இருக்கும்போது மூடும்வரை பொறுக்க முடியாது, இடம் போதாது என்று எடுத்துவிடுகிறார்கள். எடுப்பதற்குப் பதில் இன்னொரு தேன் அறையை ஏற்றுங்கள். ஒரு அறையின் செலவு ஒரு வாளி புளித்த தேனை விடக் குறைவு. புழு அறையில் இருக்கும் தேனைத் தொடவே கூடாது.

மெழுகு மூடியைச் சீவும் கத்தியை வெந்நீரில் முக்கி, நன்றாகத் துடைத்துவிட்டே சீவ வேண்டும். சட்டத்தைச் சுழற்றித் தேன் எடுக்கும் எந்திரத்தை முதலில் மெதுவாகச் சுற்றுங்கள். அடுக்குத் தேனீயின் அடை மிருது, வேகமெடுத்தால் கிழிந்துவிடும். வடிகட்டி, உயரமான எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் நுரையும் மெழுகும் மேலே வரும். மூடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம்மூர்க் காற்றில் திறந்து வைத்த தேன் வற்றாது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல தேன்கூட நீரை இழுக்கத்தான் செய்யும்.

எந்திரத்துக்கு அடுத்து வாங்க வேண்டிய கருவி ரிஃப்ராக்டோமீட்டர். தேனுக்கென்று விற்பது ஈர அளவை நேரடியாகக் காட்டும். 20க்குள் இருந்தால் அப்படியே அடைக்கலாம். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, 63 டிகிரியில் பத்து நிமிடம் வைத்துச் சட்டென்று ஆறவிட்டால் ஈஸ்ட் சாகும். ஆனால் தண்ணீர் போகாது. சூடு கூடக்கூட நொதிகள் அழிந்து, சூட்டில் உண்டாகும் எச்எம்எஃப் என்ற வேதிப்பொருள் ஏறி, தேனின் மணமும் போய்விடும். காய்ச்சுவதைத் தவிர்க்க முடியாத தேனை அப்படியே சாப்பிடும் மேசைத் தேன் என்று விற்காமல் மிட்டாய்க்காரர்களுக்குக் கொடுப்பதே நேர்மை.

பாட்டிலையும் மூடியையும் வெயிலில் உலர்த்துங்கள். விலையை லிட்டருக்குச் சொல்லாதீர்கள், கிலோவுக்குச் சொல்லுங்கள்: ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ, 750 மில்லி பாட்டிலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். லேபிளில் நிகர எடை, அடைத்த தேதி, பதிவு எண் ஆகியவற்றோடு, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரவேண்டாம் என்பதையும் போடுங்கள்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். சீனி கலந்ததாகச் சண்டைக்கு வருபவர்களிடம் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்: உறைவது குளுக்கோஸ், இளஞ்சூடான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி உரசுவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதுவும் கலப்படத்தைக் காட்டாது. நல்ல தேனுக்கும் எறும்பு வரும்.

பங்குனிக் கடைசி அறுவடையில் மூடாத சட்டங்களை எடுக்காமல் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் அதுதான் தேனீக்குச் சாப்பாடு.