எட்டரை மணிக் கூட்டம்

திருப்பூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சைக்கிள் தடம் வரைந்து கொடுக்கும் வேலை எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்தது. சாலையோரம் 2 மீட்டர் ஒதுக்கி, வண்டிகள் ஏறாதபடி நடுவில் கட்டை வைக்க வேண்டும். ஒருவழித் தடத்துக்கு, சாலை வடிவமைப்பு விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) சொல்லும் குறைந்தபட்ச அகலமே அதுதான். கடைகளுக்கு வருகிறவர்கள் பைக் நிறுத்துவதும் அதே 2 மீட்டரில்தான்.

திட்டம் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கவுன்சிலர் சத்தம் போடவில்லை. "ஏனுங் தம்பி, இந்தக் காலத்துல சைக்கிள்ல ஆருங்க போறாங்க? கணக்கெடுத்தீங்களே, நீங்களே சொல்லுங்க" என்றார். எங்கள் தாளில் சைக்கிள் சொற்பம். நாங்கள் எண்ணியது காலை 9 முதல் 12, மாலை 4 முதல் 8. பனியன் கம்பெனியில் எட்டரைக்கே ஷிப்ட் தொடங்கிவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் வெளியே வருவது இரவு எட்டரைக்கு. நேரம் குறித்தது நான். பனியன் ஊரில் இருபது வருசம் இருந்துகொண்டு இது தோன்றவில்லை.

ஆதரவாகப் பேச வந்தவர்கள் ஞாயிறு காலை கூட்டமாகச் சைக்கிள் விடுகிறவர்கள். ஹெல்மெட், ஜெர்சி சகிதம் வந்தார்கள். சாலை இடத்தை வண்டிகளைவிட மனிதர்களை வைத்துப் பங்கிட வேண்டும் என்கிறது 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. அதைச் சரியாகவே எடுத்துச் சொன்னார்கள். ஒரு மளிகைக்காரர் எழுந்து, "உங்க சைக்கிள் வெலைக்கு நானு ரெண்டு ஸ்கூட்டர் எடுப்பனுங்க. என்ற கடைக்கு வாரவன் வண்டிய எங்க நிறுத்துவான்?" என்றார். மண்டபமே சிரித்தது. அவர் பயத்தில் நியாயம் இருந்தது. மாற்று நிறுத்துமிடம் எங்கள் வரைபடத்தில் இல்லை.

தினமும் சைக்கிள் மிதிக்கிற ஒருவரும் அங்கே இல்லை. பகல் 11 மணிக் கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் சம்பளம் போகும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களில் பலருக்கு அந்த வார்டில் ஓட்டும் கிடையாது. இது கவுன்சிலருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

மறுவாரம் சொந்தச் செலவில் இரவு எட்டரைக்குப் போய் நின்றேன். டிபன் தூக்கு ஹாண்டில்பாரில் ஆட, பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருக்க, வந்துகொண்டே இருந்தார்கள். எண்ணி எண்ணித் தாளில் கோடு போட்டு மாளவில்லை. அதைக் காட்டுவதற்குள் கட்டை போய், வெள்ளைக் கோடு மட்டும் என்று தீர்மானமாகிவிட்டது. இப்போது கோட்டின் மேல் பைக்குகள் நிற்கின்றன.

அடுத்த ஊர் வேலைக்கு, காலை 7 முதல் 9, இரவு 8 முதல் 10 என்று கணக்கெடுப்பு நேரத்தையும் சேர்த்து எஸ்டிமேட் கொடுத்தேன். இரவு நேரத்துக்கு ஆள்கூலி எதற்கு என்று கேட்டு, அந்த வரியை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.