இருபத்தொரு புளியங்கொட்டை

மாசத்துக்கு ரெண்டு தடவையாவது எழும்பூர்ல வைகை ஏறி மதுரைக்குப் போறவன் நான். ஏசி எல்லாம் இல்ல, செகண்ட் சிட்டிங்தான். காசு மிச்சம் பண்றதுக்காகன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன், நிஜமான காரணம் ஏசி கோச்ல யாரும் பேச மாட்டாங்க, ஹெட்ஃபோன மாட்டிட்டு கண்ண மூடிக்குவாங்க. இங்க அப்படி இல்ல, செங்கல்பட்டு வர்றதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரர் எங்க வேலை, எத்தன புள்ளைங்க, சொந்த வீடா வாடகையான்னு முடிச்சிடுவார், அதுக்கப்புறம் விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர்னு இன்னும் ஏகப்பட்ட நேரம் கிடக்கு. அந்த நேரத்துக்குன்னே என் பையில ஒரு பழைய பெருங்காய டப்பா வெச்சிருக்கேன். உள்ள 21 புளியங்கொட்டை, மூணு ஒரு ரூபா காசு, ஒரு துண்டு சாக்பீஸ். அது எதுக்குன்னு கொஞ்சம் தள்ளி சொல்றேன்.

பெரும்பாலும் பேச்சு தண்ணில இருந்துதான் ஆரம்பிக்கும். போன மே மாசம் ஜன்னலோரம் ஒருத்தர் பாட்டில ஈரத்துண்டுல சுத்தி கம்பில கட்டித் தொங்க விட்டிருந்தார். பக்கத்துல காலேஜ் பையன் ஒருத்தன், "அண்ணே, வெளிய அடிக்கறது அனல் காத்து, அதுல தொங்க விட்டா எப்படிண்ணே ஜில்லாகும்"னு கேட்டான். அவர் "எங்க அப்பா பண்ணுவாரு, நான் பண்றேன்"னு முடிச்சிட்டார். நமக்கு நாக்கு சும்மா இருக்குமா.

தண்ணி ஆவியாப் போகணும்னா அதுக்கு சூடு வேணும், அந்த சூட்ட அது துண்டுல இருந்தும் பாட்டில்ல இருந்தும் உருவிக்கிட்டுதான் போகுது. அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்ல, ஒரே ஒரு கிராம் தண்ணி ஆவியாகறதுக்கு கிட்டத்தட்ட 2,400 ஜூல் எடுக்குது, அரை லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி இறக்க அது தாராளமாப் போதும். மண்பானை வேர்க்கறதும் இதேதான். இதுவரைக்கும் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. ஆனா தலையாட்டுறத நம்பி நான் நிறைய ஏமாந்திருக்கேன், அதனால இப்பல்லாம் உடனே ஒரு கேள்வி போட்டுடுவேன். அந்தப் பையன்கிட்ட கேட்டேன், தம்பி இதே துண்டு இதே பாட்டில், தாம்பரத்துல நல்லா ஜில்லாகுமா இல்ல அரியலூர்லயா? அவன் கொஞ்ச நேரம் வெளியவே பாத்துட்டு இருந்தான். அப்புறம் "மெட்ராஸ்ல துணியே காயாது சார், அப்ப அரியலூர்தான்"னான். அவ்வளவுதான் விஷயம், கடல் காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சு கிடக்கு, அதுக்கு மேல வாங்கிக்க அங்க இடம் கம்மி. மொட்டை மாடில துணி காயப் போட்டு எடுக்கறவனுக்கு அதுல பாதி ஏற்கனவே தெரிஞ்சிருக்கு. நான் பண்ணதெல்லாம் ரெண்டையும் பக்கத்துல வெச்சதுதான்.

தோசைக்கல் பந்தயம் ஒண்ணு இருக்கு, டீக்கு டீ. மிதமா காஞ்ச கல்லுல ஒரு சொட்டு தண்ணி, பயங்கரமா காஞ்ச கல்லுல ஒரு சொட்டு, எது முதல்ல காயும்? பத்துக்கு எட்டு பேர் பயங்கரமா காஞ்சதுன்னு சொல்லிடுவாங்க, டீ எனக்கு. கல்லு 200 டிகிரிய ஒட்டி ஏறிடுச்சுன்னா சொட்டுக்கு அடில தண்ணி தொட்ட உடனே ஆவியாகி ஒரு மெல்லிசு மெத்தை மாதிரி ஆகிடும், மீதி சொட்டு அது மேல ஏறி உக்காந்துக்கும், கல்லையே தொடாது, முத்து மாதிரி உருண்டு ஓடும். ஆவி வழியா சூடு ஏறறது ரொம்ப மெதுவு, அதனால அதிக சூட்டுல சொட்டு அதிக நேரம் பிழைச்சுக் கிடக்கும். 1756ல லைடன்ஃப்ராஸ்ட்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இத பழுக்கக் காய்ச்சின இரும்புக் கரண்டில பாத்து எழுதி வெச்சிருக்கார். கரண்டின்னு சொன்னதும் லேடீஸ் முகத்துல ஒரு மரியாதை வரும் பாருங்க, நியூட்டன் ஆப்பிளுக்குக் கூட அது வராது.

இந்தப் பந்தயத்துல தோத்தவங்க யாருன்னா டீ குடிக்கறவங்கதான், தோசை சுடறவங்க தோக்கவே மாட்டாங்க. "முத்து முத்தா ஓடுனா கல்லு ஏறிப் போச்சுன்னு அர்த்தம், ஈரத்துணியால ஒரு துடை துடைச்சுட்டுதான் மாவு ஊத்தணும், இல்லன்னா தேய்க்கும்போதே சுருட்டிக்கிட்டு வரும்"னு ஒரு அம்மா சொன்னாங்க, அறுபது வயசுக்கு மேல இருக்கும், மடில கூடை. டீ காசு நான்தான் குடுத்தேன். அவங்கதான் என்ன அன்னிக்கு முழுசா கவுத்ததும்.

பேச்சு தோசைல இருந்து குக்கருக்குப் போச்சு. குக்கர் பத்தி நான் பல வருஷமா ஒரே பாட்டுதான் பாடிட்டு இருந்தேன்: திறந்த சட்டில தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, குக்கர்ல ஆவிய அடைச்சு வெக்கறதால உள்ள அழுத்தம் ரெண்டு மடங்கு ஆகுது, தண்ணி கொதிக்கறது 120 டிகிரிக்குத் தள்ளிப் போகுது, அந்த 20 டிகிரிதான் பருப்ப சீக்கிரம் வேக வெக்குது. இது சரி. அதோட விட்டிருக்கலாம். கூடவே ஒரு வரி சேத்துக்குவேன், மலை மேல காத்தழுத்தம் கம்மி, ஊட்டில தண்ணி 92, 93லயே கொதிச்சிடும், அதனால சட்டில சோறு வேக லேட்டாகும், ஆனா குக்கர் இருந்தா கவலையே இல்ல, எந்த ஊர்னாலும் அதே 120தான்னு. சொல்லி முடிச்சு சாய்ஞ்சு உக்காந்தேன்.

"அதே எப்படி தம்பி இருக்கும்? எம் பொண்ணு ஊட்டிலதான இருக்கா. அங்க போனா துவரம்பருப்புக்கு ரெண்டு விசில் கூட வெக்கணும். அதே குக்கர், அதே பருப்பு, நான்தான் இங்க இருந்து வாங்கிட்டுப் போறேன்."

நான் அடுப்பு வேற மாதிரி இருக்கும்மா, குளிர்ல பருப்பு ஊறாதுன்னு ஏதேதோ சொன்னேன். அவங்க சண்டை போடல. "என்னமோப்பா"ன்னுட்டு கூடைய சரி பண்ணிக்கிட்டாங்க. அந்த "என்னமோப்பா" ராத்திரி வரைக்கும் உறுத்திச்சு. மதுரைல போய் பேப்பர் எடுத்து போட்டுப் பாத்தேன். குக்கர் மூடி மேல உக்காந்திருக்கற அந்த வெயிட்டுக்கு உள்ள எவ்வளவு அழுத்தம்னு தெரியாது. அத கீழ இருந்து ஆவி தள்ளுது, மேல இருந்து ஊர்க்காத்து அமுக்குது, அதுக்குத் தெரிஞ்சது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். கடல் மட்டத்துக் காத்தழுத்தத்த 1னு வெச்சுக்கிட்டா, உள்ள வெளிய இருக்கறத விட சுமார் 1 கூடினதும் தூக்கிடும். சென்னைல வெளிய 1, உள்ள 2. ஊட்டில, 2,240 மீட்டர் உயரத்துல, வெளிய முக்கால் சொச்சம்தான், அப்ப உள்ள ஒண்ணே முக்கால். ஒண்ணே முக்காலுக்கு தண்ணி கொதிக்கறது 116 டிகிரி பக்கம். நாலு டிகிரி குறையுது. நாலு டிகிரி குறைஞ்சா அத நேரத்துல ஈடு கட்டணும், நேரத்த அவங்க விசில்ல எண்ணுறாங்க. அந்தம்மா சொன்னதுதான் சரி, நான் அத்தன வருஷமா எத்தன பேருக்கு தப்பா சொன்னேன்னு கணக்கே இல்ல, அவங்க பேரு ஊரு எதுவும் தெரியாது, போய் திருத்தவும் வழியில்ல. அதனாலதான் இங்க எழுதி வெக்கறேன், யாராவது நான் சொன்னத நம்பிட்டு இருந்தீங்கன்னா மாத்திக்கோங்க.

சரி, கொட்டைக்கு வர்றேன்.

21 கொட்டையையும் சீட்டுல பரப்பிடுவேன். மாத்தி மாத்தி எடுக்கணும், ஒரு தடவைக்கு ஒண்ணோ ரெண்டோ மூணோ எடுக்கலாம், கடைசிக் கொட்டைய எடுக்கறவங்க ஜெயிச்சாங்க. நான் முதல்ல ஒண்ண எடுத்து 20 ஆக்கிடுவேன். அதுக்கப்புறம் எதிராளி ஒண்ணு எடுத்தா நான் மூணு, ரெண்டுன்னா ரெண்டு, மூணுன்னா ஒண்ணு, அதாவது ரெண்டு பேரும் சேந்து ஒரு சுத்துக்கு நாலு. 20, 16, 12, 8, 4, முடிஞ்சுது. மூணு ஆட்டத்துல "சார் ஏதோ ஏமாத்துறாரு"ன்னு வந்துடும். 1901ல பௌட்டன்னு ஒரு அமெரிக்க கணக்கு வாத்தியார் இந்த ஜாதி ஆட்டங்கள்ல பல குவியல் வெச்சு ஆடற நிம்னு ஒண்ண முழுசா பிரிச்சு மேஞ்சு வெச்சுட்டார், நம்மளது அதோட தங்கச்சி.

ஒரு பாப்பா, அஞ்சாவது படிக்கறேன்னுச்சு, அத்தையோட திருச்சிக்குப் போயிட்டு இருந்துச்சு. நாலு தடவ தோத்துச்சு. அஞ்சாவதுல நான் எடுக்கறதயே முறைச்சுப் பாத்துச்சு, "அங்கிள் நீங்க நாலு நாலா குறைக்கறீங்க"ன்னுச்சு. ஆமான்னேன். "அப்ப இனிமே நாலு வரைக்கும் எடுக்கலாம், ரூல் மாத்தியாச்சு". சரின்னு மறுபடி ஒண்ண எடுத்து 20 ஆக்கி, இந்தத் தடவ அஞ்சு அஞ்சா இறக்கி ஜெயிச்சேன், 20 நாலுக்கும் படியும் அஞ்சுக்கும் படியும், என் அதிர்ஷ்டம். அது விடல. விரல மடக்கி எண்ணிச்சு, அத்தை காதுல என்னமோ சொல்லிச்சு, அப்புறம் ரொம்ப சாதுவா, "அங்கிள், இப்ப ரெண்டுதான் மேக்ஸிமம். நீங்களே ஃபர்ஸ்ட் எடுங்க"ன்னுச்சு.

21 மூணால வகுபடும். ஒண்ணோ ரெண்டோதான் எடுக்க முடியும்னா முதல்ல எடுக்கறவன் காலி. நான் ஒண்ணு எடுத்தா அது ரெண்டு, நான் ரெண்டு எடுத்தா அது ஒண்ணு, முகத்துல சிரிப்பே இல்லாம எடுத்துச்சு, கடைசிக் கொட்டைய எடுத்ததும்தான் அத்தை மேல விழுந்து சிரிச்சுச்சு. நான் ஃபார்முலா எதுவும் சொல்லிக் குடுக்கல, சொல்லியிருந்தா "ஓகே அங்கிள்"னு போயிருக்கும்.

காசு மூணும் புலி. ஆடு புலி ஆட்டம் ஆட அதுல 15 கொட்டை போதும், கட்டத்த சீட்டுல சாக்பீஸ்ல போடலாம், டிடிஆர் வந்தா துடைச்சிடலாம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி பக்கத்து ஆட்ட நேர்க்கோட்டுல தாண்டி அந்தப் பக்கம் காலி இடத்துல குதிச்சா ஆடு போச்சு, ஆடு புலிய நகர முடியாம அடைச்சா புலி போச்சு. புதுசா ஆடறவங்க எல்லாரும் புலிதான் கேப்பாங்க. ஆடுதான் ஆட்டமே. கோட்டோட நுனில நிக்கற ஆட்ட அந்தக் கோட்டுல தாண்ட முடியாது, ரெண்டு ஆடு ஒட்டி நின்னா தாண்டிக் குதிக்க இடம் இருக்காது, இதத் தாண்டி நான் பெருசா எதுவும் தெரிஞ்சு வெச்சுக்கல. நேபாளத்துல இதோட சொந்தக்கார ஆட்டம் பாக் சால், 4 புலி 20 ஆடு, அத கம்ப்யூட்டர் வெச்சு கடைசி வரைக்கும் துருவிட்டாங்க, ரெண்டு பேரும் தப்பே பண்ணலன்னா டிராதான்.

ஒரு தடவ திருச்சில ஒரு பெரியவர் ஏறினார், வேட்டி, கக்கத்துல மஞ்சப்பை. கட்டத்தப் பாத்ததும் "ஆடு எனக்கு"ன்னார். ஆடுகள ஒண்ணொண்ணா இறக்கிட்டே வந்தார், 14 இறக்கியாச்சு, ஒண்ணு கூட சாகல, என் புலிங்க ஒரு ஓரமா முழிச்சிட்டு நிக்குதுங்க. பதினஞ்சாவது ஆட்ட கைல வெச்சுக்கிட்டு யோசிச்சுட்டே இருக்கார். மணப்பாறை தாண்டியாச்சு. "போடுங்க ஐயா, இடம்தான் இருக்கே"ன்னேன்.

"இது கைல இருக்கற வரைக்கும் எவனையும் நகத்த வேண்டாம் தம்பி. இத போட்டுட்டேன்னா அடுத்த தடவ நிக்கறவன்ல ஒருத்தன எழுப்பணும். எழுப்புனா ஓட்டை விழும்."

எனக்கு சட்டுனு சிங்கப்பூர் ஞாபகம் வந்துச்சு. 2024 டிசம்பர், உலக செஸ் சாம்பியன்ஷிப், நம்ம குகேஷுக்கும் சீனாக்காரர் டிங் லிரனுக்கும் கடைசி கேம். ஒரு சிப்பாய் கம்மியா இருந்தாலும் டிங் டிரா பண்ணிடுவார்னுதான் எல்லாரும் நினைச்சுட்டு இருந்தாங்க, அவர் யானைய குறுக்க வெச்சு யானைக்கு யானை மாத்திக்கலாம்னார். அவரோட பிஷப் ஒரு மூலைல மாட்டிக் கிடந்தத கவனிக்கல. குகேஷ் யானைய மாத்திக்கிட்டு பிஷப்பயும் எதிர்ல கொண்டு வந்து நிறுத்தினார், அதுவும் மாறிப் போச்சு, பலகைல ராஜாவும் சிப்பாயும் மட்டும்தான் மிச்சம். கடைசியா ரெண்டு ராஜாவும் நடுவுல ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிக்குறாங்க, நகர வேண்டிய முறை டிங்கோடது. சும்மா நிக்க முடிஞ்சா பிரச்சனையே இல்ல. செஸ்ல சும்மா நிக்க முடியாது. விலகித்தான் ஆகணும், விலகினா குகேஷ் ராஜா உள்ள வந்துடும், அதனால அங்கயே கை குடுத்துட்டார். 18 வயசுப் பையன் சாம்பியன்.

இத பெரியவர்கிட்ட கட்டத்துல ரெண்டு காச வெச்சுக் காட்டினேன். "அதத்தான நானும் சொன்னேன்"னார். குகேஷ் யாருன்னு கேக்கல, அவருக்கு அது தேவைப்படல.

அதுக்குள்ள திண்டுக்கல் வந்துடுச்சு. "எந்திரிங்க எந்திரிங்க"ன்னு பின்னாடி ஒரே தள்ளுமுள்ளு, அவர் மஞ்சப்பைய எடுத்துட்டு "இன்னொரு நாளைக்கு"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டார். வண்டி கிளம்பி ரொம்ப நேரம் கழிச்சு கொட்டைய டப்பால போடும்போதுதான் எண்ணினேன். பதினஞ்சாவது ஆடு அவர் கைலயே போயிடுச்சு.

புளியங்கொட்டை எங்க வேணா கிடைக்கும், ஆனா நான் புதுசு போடல. டப்பால இப்ப 20தான் இருக்கு, ஆடுக்கு எப்படியும் 15 போதும். கொட்டை எடுக்கற ஆட்டத்துல மட்டும் ஒரு சின்ன மாத்தம், இப்பல்லாம் நான் ரொம்ப மரியாதையா "நீங்க முதல்ல எடுங்க சார்"னு சொல்லிடறேன்.