தன்னம்பிக்கை: 10க்கு 7

வேலைக்கான நேர்முகத்தில் ஒரு பிள்ளைக்கு ஏழு போட்டது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். சரி என்று அடித்துச் சொல்ல முடியாமல், நினைக்கிறேன் என்று இழுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் தொந்தரவு.

அன்றைக்கு நேர்முகத்துக்கு வந்தவர்களில் அந்தப் பிள்ளை கடைசி. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். உயர்தரத்தில் வர்த்தகம், நல்ல பெறுபேறு. கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னாள். முடிக்கும்போது மனேஜர் தனக்குத் தெரிந்த தமிழில் வழக்கம்போல, "ஏதாவது கேக்க இருக்கா?" என்றார். எழும்பிப் போகலாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்வார். வருகிறவர்களும் அது விளங்கி, "இல்ல சேர்" என்று கதிரையைப் பின்னுக்குத் தள்ளுவார்கள்.

அவள் தள்ளவில்லை. என் பக்கம் திரும்பி, "மிஸ், புரொபேஷன் ஆறு மாசத்துலயும் ஈபிஎஃப் கட்டுவீங்களா?" என்றாள்.

சட்டப்படி இதற்கு ஒரே விடைதான். புரொபேஷன் என்ற தகுதிகாண் காலமாக இருந்தாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, நிறுவனம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். நிரந்தரமா, தற்காலிகமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் இடத்தில் அது எப்படி நடக்கிறது என்று மனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அதெல்லாம் ஹெட் ஒபிஸ்ல சொல்லுவாங்க மகள்" என்றேன். நேர்முகத்தில் நான் யாரையும் மகள் என்று கூப்பிடுகிறவள் அல்ல.

"சரி மிஸ். எங்கம்மாவோட சம்பளத் துண்ட நான்தான் மாசாமாசம் வாசிச்சுச் சொல்றது. அதான் கேட்டேன்."

தோட்டத்துச் சம்பளத் துண்டைக் கையில் வாங்கியவர்களுக்கு இது விளங்கும். மேலே எத்தனை பெயர், அதாவது எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ கொழுந்து என்று இருக்கும். அதோடு கண் நின்றுவிடக் கூடாது. கீழே சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் காசு என்று கழிவுகள் இறங்கிக்கொண்டே போகும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று பெரிதாக அறிவித்தார்கள். அந்த மாதமும் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் முதலில் தேடியது அடி வரியைத்தான். நானும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவள். ஒரு மாதம் முற்பணத்தை இரண்டு தடவை பிடித்திருந்தார்கள். அம்மா துண்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "விடு, கந்தோர்ல போய்க் கேட்டா வாய்க்காரின்னு பேர் வரும்" என்றார்.

பிள்ளை வெளியே போனதும் மனேஜர் சிரித்தார். "ஓவர் கான்ஃபிடன்ட் நே?"

புள்ளித்தாளில் அந்தக் கட்டத்துக்கு மூன்று மொழியிலும் தலைப்பு. தமிழில் தன்னம்பிக்கை. சிங்களத்தில் ஆத்ம விஸ்வாசய. விசுவாசம் என்றால் நம் காதில் விழுவது வேறு, அது முதலாளிக்குக் காட்ட வேண்டியது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டத்தில் புள்ளி போடுகிறோமோ என்று அன்றைக்குத் தோன்றியது. தன்னம்பிக்கை என்ற சொல்லே லயத்துக்குள் புழங்காது. பாடசாலைப் பேச்சுப்போட்டியில் வரும், பிறகு இந்த மாதிரித் தாள்களில் வரும். வீட்டில் சொல்வதென்றால், பையனாக இருந்தால் தைரியம். பொம்பளைப் பிள்ளையாக இருந்தால் வாய், கொஞ்சம் கூடிப்போனால் திமிர்.

அவளுக்கு முன்னால் வந்த பையன், "எந்த வேலைன்னாலும் செய்வேன் சேர், ஹண்ட்ரட் பெர்சன்ட்" என்றான். என்ன வேலை என்று அவன் கேட்கவே இல்லை. அவனுக்கு மூன்று பேருமே 9 போட்டோம். என் கையெழுத்திலும் 9தான் இருக்கிறது.

ஆனால் என் பக்கத்திலும் நியாயம் உண்டு. குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம், அதற்கு முந்தியது அவையறிதல். எந்த இடத்தில் எதைப் பேசுவது என்று தெரிந்த பிறகுதான் அஞ்சாமை. வாடிக்கையாளர் முன்னால் உட்காரப் போகிறவளுக்கு அந்த நிதானம் வேண்டாமா? அதைத்தான் அந்த 7 சொன்னது. இப்படிச் சொல்லிக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருக்கலாம். பிறகு, அவையை அவள் அறியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று தோன்றும். இருந்த மூன்று பேரில் யாரிடம் கேட்க வேண்டும் என்று பார்த்துத்தானே என் பக்கம் திரும்பினாள்!

மொத்தப் புள்ளியில் பையன் 4 முன்னால் இருந்தான். நான் 9 போட்டிருந்தாலும் அவளுக்கு வேலை கிடைத்திருக்காது. தாளைக் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன். எடுபடாத இரண்டு புள்ளியைத் தராமல் வைத்ததில் யாருக்கு என்ன லாபம் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

இதையெல்லாம் பழைய கதையில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவதும் சுலபம். 1948இல் எங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள், மிச்சமிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொறுக்க வேண்டியிருந்தது, அப்படிப்பட்ட சனத்துக்கு மேசைக்கு முன்னால் குரல் எப்படி வரும் என்று கேட்கலாம். நானே மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன், கைதட்டும் கிடைத்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் குரல் நன்றாகத்தான் வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத்தான் வரவில்லை. அதற்கு 1948ஐ இழுக்க முடியுமா தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு நேர்முகப் பயிற்சி கொடுக்கிறேன். ஏதாவது கேட்க இருக்கிறதா என்றால் இல்லை என்று எழும்பி வராதீர்கள், ஒரு கேள்வியாவது கேளுங்கள் என்று இப்போது தவறாமல் சொல்கிறேன். பயிற்சி எப்படி, பதவி உயர்வு எப்படி என்று கேட்கலாம். சம்பளப் பிடிப்பைப் பற்றி மட்டும் வேண்டாம் என்றும் சொல்கிறேன். ஏன் மிஸ் என்று ஒரு பையன் கேட்டான். முதலில் உள்ளே போங்கள், பிறகு கேட்கலாம் என்றேன். நானும் அப்படித்தான் உள்ளே வந்தவள். புரொபேஷன் விஷயத்தை இன்னும் எடுக்கவில்லை. அடுத்த ஒடிட்டில் அவர்களே கண்டுபிடிப்பார்கள், என் பெயர் அடிபடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.